பதினேழில் ஒன்று

சீட்டு விஷயத்தில் எனக்கு எவனும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. முப்பத்தொரு வருஷமாக ஸ்கோப்பா ஆடுகிறேன். மேசையில் எது விழுந்தது, எவன் கையில் எது மிச்சம் என்பதெல்லாம் ஆட்டம் பாதி தாண்டும்போதே எனக்குத் தெரிந்துவிடும். எங்கள் ஊர் காபிக்கடையில் என்னோடு ஜோடி சேர அடித்துக்கொள்வார்கள். பேருந்து ஓட்டுவது வயிற்றுப்பாட்டுக்கு. எனக்குத் தெரிந்த வித்தை என்றால் சீட்டுதான். இந்தத் திமிர்தான் என் குடியைக் கெடுத்தது, அதனால் முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

என் மனைவி ஏர்சிலியா ஆறு வருஷமாக வடக்கே பிரெஷியாவில் பள்ளிக்கூட ஆயா. ரயிலில் பத்து மணி நேரம். தற்காலிக வேலை, ஒவ்வொரு வருஷமும் புதுப்பிக்க வேண்டும். செப்டம்பரில் போனால் கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம், ஈஸ்டருக்கு நாலு நாள், அப்புறம் கோடை விடுமுறைக்குத்தான் வருவாள். வருஷத்தில் பத்து வாரம் நாங்கள் புருஷன் பெண்டாட்டி, மீதி நாற்பத்திரண்டு வாரம் போன். தெற்கிலிருந்து பிழைக்கப் போன பாதிப்பேர் நிலைமை இதுதான். நான் ஒன்றும் அதிசயமாகச் சொல்லவில்லை. ஆனால் தினமும் ஒற்றை ஆளுக்குப் பாஸ்தா வேகவைத்து, சுவரைப் பார்த்துக்கொண்டு தின்கிறவன் நான். எனக்கு வலிக்கிறது.

போன ஜூனில் நகராட்சி வாசலில் அறிவிப்பு ஒட்டினார்கள். பிறப்பு இறப்புப் பதிவில் எழுத்தர் வேலை, ஒரே ஒரு இடம், நிரந்தரம். எழுத்துத் தேர்வில் முதலாவதாக வருகிற ஆளுக்கு வேலை. நகராட்சி எங்கள் வீட்டிலிருந்து முந்நூறு அடி. இதற்கு முன் இப்படி ஒரு இடம் விழுந்து பதினோரு வருஷம் ஆகிறது.

"கெடச்சா மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கே வந்துடுவேன் சவீனோ. உன்னோட உக்காந்து சாப்புடுவேன்" என்றாள் போனில்.

"அப்போ சமையல் யாரு?"

"நீதான். ஆறு வருஷமாப் பழகிட்டல்ல?"

விண்ணப்பம் போட்டோம். நானூறு பேர் போட்டிருந்தார்கள். பக்கத்துப் பெரிய ஊர் பொத்தென்சாவிலிருந்து தடியாக ஒரு பயிற்சிப் புத்தகம் வாங்கி வந்தேன். ஜூலையில் ஏர்சிலியா ஊருக்கு வந்ததும் தினமும் மத்தியானம் சமையலறை மேசையில் அதைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவோம். சட்டம், நிர்வாகம், கணினி எல்லாம் அவளே படித்துக்கொண்டாள். கெட்டிக்காரி. கணக்குப் பகுதிதான் அவளுக்கு உதறல். அதில் ஒரு அத்தியாயம் முழுக்கச் சீட்டு.

"இங்க பாரேன், நிபந்தனை நிகழ்தகவாம். பேரக் கேட்டாலே தல சுத்துது" என்றாள்.

ஒரு பக்கம் படித்துப் பார்த்தேன். சிரிப்பு வந்துவிட்டது. "அட, இதத்தான்டி நான் முப்பத்தொரு வருஷமாப் பண்ணிட்டிருக்கேன்! இதுக்கு இப்படி ஒரு பேரு இருக்குன்னு எவனும் சொல்லலியே."

சீட்டுக்கட்டை எடுத்து மேசையில் பரப்பினேன். நாணயம், கிண்ணம், வாள், தடி என்று நாலு ஜாதி. ஒவ்வொன்றிலும் ஏஸிலிருந்து ஏழு வரை, அதற்கு மேல் சிப்பாய், குதிரைக்காரன், ராஜா. பத்துப் பத்தாக நாற்பது சீட்டு.

"ஒரு விஷயம் நடந்துபோச்சு. அது தெரிஞ்சதுக்கு அப்புறம் இன்னொண்ணு நடக்க எவ்ளோ வாய்ப்பு? அவ்ளோதான் கேக்குறான். கட்டுல நாலு ஏஸு. நான் ஒரு சீட்டு எடுத்தேன், அது ஏஸு. அடுத்ததும் ஏஸா இருக்கணும். மிச்சம் எத்தன ஏஸு?"

"மூணு."

"மிச்சம் எத்தன சீட்டு?"

"முப்பத்தொம்போது."

"அப்போ முப்பத்தொம்போதுல மூணு. சுருக்கு."

"பதிமூணுல ஒண்ணு." அவள் முகம் மலர்ந்தது. "இவ்ளோதானா?"

"இவ்ளோதான்! போன சீட்ட மறக்காம, மிச்சத்த மட்டும் எண்ணணும். இது தெரியாமத்தான் காபிக்கடையில ருஜ்ஜேரோ தெனம் தோக்குறான்."

அவள் புத்தகத்தின் பின்பக்கத்தைப் புரட்டினாள். "பதினேழுல ஒண்ணுன்னு போட்டிருக்கே."

நான் வாங்கிப் பார்த்தேன். பதினேழுதான். அடுத்த கணக்கு: எடுத்த சீட்டு படச் சீட்டு என்று தெரிந்தால் அது ராஜாவாக இருக்க என்ன வாய்ப்பு? படம் பன்னிரண்டு, ராஜா நாலு, மூன்றில் ஒன்று. புத்தகமும் மூன்றில் ஒன்று என்றது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. மூன்றாவது: முதல் சீட்டு படம் இல்லை என்றால் இரண்டாவது படமாக வர என்ன வாய்ப்பு? முப்பத்தொன்பதில் பன்னிரண்டு, பதிமூன்றில் நாலு. புத்தகம் பதினேழில் நாலு என்றது.

"அச்சுப்பிழை. ராஜாக் கணக்கு சரியா வந்துச்சு பாரு. மத்த எடத்துல பூரா பதிமூணப் பதினேழுன்னு அடிச்சு வெச்சிருக்கான் தூங்குமூஞ்சி" என்றேன்.

"எல்லா எடத்துலயுமா அச்சுப்பிழை வரும்?"

"ஒருதடவ தப்பா அடிச்சவன் எல்லாத் தடவையும் தப்பாத்தான் அடிப்பான். அதுவும் எந்த நம்பரு பாரு, பதினேழு! வேணும்னே நம்மள பயமுறுத்தப் போட்டிருக்கான்."

அவள் சட்டென்று சிலுவை போட்டுக்கொண்டாள். எங்களுக்குப் பதினேழு ஆகாது. எங்கள் பணிமனையில் பதினாறாம் எண் பேருந்துக்கு அடுத்தது பதினெட்டுதான். பதிமூன்று நல்ல எண், கேட்டதும் முகம் தெளியும். இப்போது யோசித்தால் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் அன்றைக்கு அதுவும் எனக்குச் சாட்சியாகப் பட்டது.

ஒரு கணக்கில் கிண்ணத்துக்குப் பதில் சிவப்பு இதயம் போட்ட ஆட்டின் வந்தது. அங்கேயாவது நான் நின்றிருக்க வேண்டும். "இது மிலான்காரன் கட்டு. அவனுக கிண்ணம் இருக்கற எடத்துல ஆட்டின் போட்டுப்பானுக. அதுவும் நாப்பதுதான்" என்று சொன்னேன். அது உண்மையும்கூட. போக்கர் சீட்டு என்று ஒன்று இருப்பது எனக்குத் தெரியாதா? சினிமாவில் பார்த்திருக்கிறேன். ஆனால் போக்கர் சீட்டை நாங்கள் போக்கர் சீட்டு என்றுதான் சொல்வோம். வெறுமனே சீட்டுக்கட்டு என்று சொன்னால் அது நாற்பது. என் அப்பாவைக் கேட்டாலும் பாதிரியாரைக் கேட்டாலும் நாற்பதுதான்.

பென்சிலை எடுத்து, பின்பக்கத்தில் இருந்த பதினேழையெல்லாம் அடித்துவிட்டுப் பதிமூன்று எழுதினேன். இருபத்திரண்டு இடம். எழுதிவிட்டு, வேலை முடித்த தச்சன் மாதிரி பென்சிலைக் காதில் செருகிக்கொண்டேன்.

செப்டம்பரில் அவள் அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பிரெஷியா போனாள். தினமும் காலை பள்ளிக்கூடம் திறக்கும் முன் போன். "ஏஸு போச்சு, அடுத்தது ஏஸு?" என்பேன். "பதிமூணுல ஒண்ணு!" என்பாள், தாழ்வாரத்தில் வாளி உருளும் சத்தத்தோடு. நான் கேட்டு முடிப்பதற்குள் பதில் வரும். அவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

அக்டோபர் நடுவில் பொத்தென்சாவில் ஒரு விளையாட்டு அரங்கத்தில் தேர்வு. அவள் ராத்திரி ரயிலில் வந்து இறங்க, நான் விடுப்பு போட்டுக் காரில் கூட்டிப்போனேன். அறுபது கேள்வி. சரியான விடைக்கு ஒரு மதிப்பெண், தப்பானால் அரை மதிப்பெண் வெட்டு. வெளியே கார் நிறுத்துமிடத்தில் நூறு புருஷன்மார், அப்பாமார், அம்மாமார். ஒருத்தி ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். நான் சூரியகாந்தி விதை கொறித்தேன். எனக்குப் பயமே இல்லை.

பன்னிரண்டரைக்குக் கதவு திறந்தது. ஏர்சிலியா ஓடிவந்தாள். நாற்பத்தைந்து வயதுக்காரி, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை மாதிரி ஓடிவந்தாள்.

"வந்துச்சு சவீனோ! சீட்டு வந்துச்சு! முப்பத்தெட்டாவது கேள்வி. 'ஒரு சீட்டுக்கட்டிலிருந்து எடுத்த முதல் சீட்டு ஏஸ்…' முழுசாப் படிக்கக்கூட இல்ல!"

"எவ்ளோ போட்ட?"

"எவ்ளோன்னு கேக்குறியே! பதிமூணுல ஒண்ணு!"

கட்டிப்பிடித்து அவள் உச்சந்தலையில் முத்தமிட்டேன். அவள் கழிப்பறைக்கு வரிசையில் நிற்கப் போனாள். எனக்குப் பக்கத்தில், காரின் மூக்கில் சாய்ந்துகொண்டு இரண்டு சின்னப் பெண்கள் கேள்விகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சீட்டுக் கேள்விக்கு என்ன போட்ட?"

"பதினேழுல ஒண்ணு. அம்பத்தொண்ணுல மூணு. அது சும்மா குடுத்த மார்க்குடி."

என் வாயில் விதை அப்படியே நின்றது. "ஏம்மா" என்றேன். "உங்க கட்டுல எத்தன சீட்டு?"

இரண்டு பேரும் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். "அம்பத்திரண்டு சார். வேற எத்தன?"

"நாப்பது இல்லியா?"

ஒருத்திக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அது எங்க தாத்தா ஆடுற ஸ்கோப்பா கட்டு சார். கணக்குப் புத்தகத்துல எப்பவுமே அம்பத்திரண்டுதான்."

ஐம்பத்திரண்டு. நாலு ஏஸில் ஒன்று போனால் மூன்று. மிச்சம் ஐம்பத்தொன்று. பதினேழில் ஒன்று. பன்னிரண்டு படமும் நாலு ராஜாவும் அந்தக் கட்டிலும் உண்டு, அதனால் ராஜாக் கணக்கு மட்டும் ஒத்துப்போயிருக்கிறது. இருபத்திரண்டு இடத்திலும் புத்தகம் சரி.

கழிப்பறையிலிருந்து ஏர்சிலியா முகம் கழுவிக்கொண்டு வந்தாள். "என்ன, பேயறஞ்ச மாதிரி நிக்கிற?"

"பசி" என்றேன்.

திரும்பும் வழியெல்லாம் அவள் பேசிக்கொண்டே வந்தாள். பெட்ரோல் போட நிறுத்திய இடத்தில் காபி வாங்கிக் கொடுத்தாள். சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

"ஏர்சிலியா, அந்தச் சீட்டுக் கேள்வி…"

"இன்னைக்கு வந்ததுலயே அதுதான் சுலபம். மத்ததெல்லாம் ரெண்டு தடவ படிச்சேன். அது மட்டும் ஒரே பார்வ." அவள் என் தோளில் குத்தினாள். "கேள்வியப் பாத்ததும் உன் மூஞ்சிதான் வந்துச்சு, காதுல பென்சிலோட."

காபியைக் குடித்தேன். நாக்கு வெந்துபோனது.

ஒரு கேள்விதானே, ஒன்றில் என்ன போய்விடப்போகிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். அடுத்த நிமிஷமே கணக்குப் போட ஆரம்பித்துவிடும் இந்தப் பாழாய்ப்போன மூளை. அவள் முதலாவதாக வர என்ன வாய்ப்பு? சரி, ஒன்று தப்பு என்று தெரிந்தபின் என்ன வாய்ப்பு? போன சீட்டை மறக்காமல் மிச்சத்தை எண்ணு. எண்ண எண்ணக் குறைந்துகொண்டே போனது.

அவள் பிரெஷியா திரும்பிய மறுநாள் நான் நகராட்சிக்குப் போனேன். ஜன்னலில் இருந்தவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நான் சொன்னதை முழுசாகக் கேட்டார்.

"கேள்வியில எத்தன சீட்டுன்னு போடலியே சார். நம்ம ஊர்ல சீட்டுக்கட்டுன்னா நாப்பதுதானே?" என்றேன்.

"நம்ம ஊர்ல சரி. ஆனா பயிற்சிப் புத்தகத்துலயெல்லாம் விடை பதினேழுன்னுதானே இருக்கு. நீங்க புத்தகம் பாக்கலியா?"

"பாத்தேன்."

அதற்குமேல் அவர் என்னைக் குடையவில்லை, நல்ல மனுஷன். "ஆட்சேபம் எழுதலாம். தேர்வு எழுதுனவங்கதான் கையெழுத்துப் போடணும். ஏழு நாளைக்குள்ள. தள்ளுபடி ஆயிடும், அத இப்பவே சொல்லிடறேன். ஆனா எழுதறது உங்க உரிம."

விண்ணப்பத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். கையெழுத்து வாங்க வேண்டுமானால் அவளிடம் சொல்ல வேண்டும். சொன்னால் முடிவு வரும்வரை அவள் ஆறு வாரம் தூங்கமாட்டாள், அதுவும் தள்ளுபடி ஆகப்போகிற தாளுக்காக. இப்படித்தான் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால் எனக்குத் தைரியம் இல்லை. ஒவ்வொரு காலையும் போனில் அவள் குரலைக் கேட்டதும் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன். ஏழாவது நாள் தாளைக் கிழித்துப் போட்டேன்.

காபிக்கடையில் ஆடும்போது கேட்டேன். "கட்டுல எத்தன சீட்டுடா?"

"நாப்பது" என்றார்கள் மூன்று பேரும் ஒரே வாயாக.

"ஏன், ஒண்ணக் காணமா?" என்றான் ருஜ்ஜேரோ. எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்கு நான் தோற்றேன், மறுநாளும் தோற்றேன். மூன்றாம் நாள் போகவில்லை. ஊரே சேர்ந்து செய்யக்கூடிய தப்புதான். ஆனால் பென்சில் பிடித்த கை என்னுடையது.

நவம்பர் கடைசியில் முடிவு ஒட்டினார்கள். பத்தேகால் மணிக்குப் பேருந்தை ஓரம்கட்டிவிட்டு ஓடினேன். பயணிகள் உள்ளிருந்து கத்தினார்கள், கத்தட்டும். முதல் பெயர் யாரோ ஒருத்தி, ஐம்பத்திரண்டு மதிப்பெண். இரண்டாவது பெயர் ஏர்சிலியா. ஐம்பத்தொன்று.

அந்த ஒரு கேள்வி சரியாக இருந்திருந்தால் ஒன்று ஏறியிருக்கும், வெட்டிய அரையும் திரும்பியிருக்கும். ஐம்பத்திரண்டரை. நான் விரல் விட்டு எண்ணினேன், திரும்ப எண்ணினேன். எத்தனை முறை எண்ணினாலும் அரை மதிப்பெண்ணில் அவள்தான் முதல். பக்கத்தில் நின்ற கிழவர் "ரெண்டாவதா வந்திருக்கு உன் வீட்டம்மா, பரவால்லியே!" என்று முதுகில் தட்டினார். எனக்கு அவரை அறையலாம் போல் இருந்தது.

பத்தரை இடைவேளைக்கு அவளே கூப்பிட்டாள். பின்னால் பிள்ளைகளின் கூச்சல்.

"பாத்துட்டேன்" என்றாள். இணையத்தில் விடைகளும் சேர்ந்து வந்திருந்தன. "ஆறு தப்பு. அதுல முப்பத்தெட்டும் ஒண்ணு."

"நான்தான்டி. கட்டு அம்பத்திரண்டாம். புத்தகம்தான் சரி. எல்லாம் நான்தான்."

அவள் பக்கத்தில் பிள்ளைகள் எதையோ உதைத்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கு சந்தேகம் வந்துச்சு சவீனோ" என்றாள் பிறகு. "விடையில ரெண்டும் இருந்துச்சு. பதினேழும் இருந்துச்சு, பதிமூணும் இருந்துச்சு. முழுசாப் படிக்கலேன்னு உன்கிட்ட பெருமைக்குச் சொன்னேன். அஞ்சு நிமிஷம் அதயேதான் பாத்துட்டிருந்தேன். இங்க பசங்க வெச்சிருக்கற கட்ட நான்தானே தெனம் பொறுக்குறேன், அது பெருசா இருக்குமே, அதுவா இருக்குமோன்னு தோணுச்சு."

"அப்புறம் ஏன்டி…"

"சவீனோ சொன்னது. அதுவும் சீட்டப் பத்திச் சொன்னது. அது தப்பா இருக்க எவ்ளோ வாய்ப்புன்னு யோசிச்சேன். பூஜ்யம்னு போட்டுட்டேன்."

நான் நகராட்சிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். "திட்டுடி. வாய்க்கு வந்தபடி திட்டு."

"எதுக்குத் திட்டணும்? எனக்காகத்தானே உக்காந்து சொல்லிக்குடுத்த. யாரு சொல்லிக்குடுப்பா இப்படி?" அவள் குரல் உடைந்தது, சமாளித்துக்கொண்டாள். "போகட்டும். உனக்கும் இப்பத்தான் தெரிஞ்சுதா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆமாம் என்று ஒரு வார்த்தை. வாய் வரைக்கும் வந்தது.

"அன்னைக்கே தெரியும்" என்றேன். "கார் நிறுத்தற எடத்துல."

"எந்த அன்னைக்கு? தேர்வன்னைக்கா?"

"ம்."

லைன் போய்விட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தேன். போகவில்லை.

"போன வாரம் உன்கிட்ட கேட்டேனே" என்றாள் மெதுவாக. "இங்க நான் இருக்கற அறையோட வீட்டுக்காரம்மா கேக்குறாங்க, ஜனவரியில காலி பண்றேன்னு சொல்லிடட்டுமா, வேற ஆளு ரெடியா இருக்காம்னு. கேட்டேனா இல்லியா?"

கேட்டாள். "உன் இஷ்டம்" என்று சொல்லியிருந்தேன். வேண்டாம் என்று சொன்னால் காரணம் கேட்பாள் என்று பயந்து, உன் இஷ்டம் என்று சொல்லியிருந்தேன்.

"சொல்லிட்டேன் சவீனோ. அவங்க புதுசா வர்ற பொண்ணுகிட்ட முன்பணமும் வாங்கிட்டாங்க."

"ஏர்சிலியா…"

"மணி அடிக்குது. மாடிக் கதவத் தொறக்கணும், சாவி என்கிட்டதான் இருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை போன் வரவில்லை. அதற்கடுத்த நாள் நானே கூப்பிட்டேன். எடுத்தாள், கோபமாக இல்லை. அறை கிடைத்ததா என்று கேட்டேன், ஊருக்கு வெளியே ஒன்று பார்த்திருப்பதாகவும் பேருந்து மாறிப் போக வேண்டுமென்றும் சொன்னாள். எந்தப் பேருந்து, எத்தனை நிமிஷம், கேட்டுச் சொல்லட்டுமா, எனக்கு அந்த ஊர் டிரைவர் ஒருத்தனைத் தெரியும் என்று படபடவென்று சொன்னேன். வேண்டாம், தானே விசாரித்துவிட்டதாகச் சொன்னாள்.

கிறிஸ்துமஸுக்கு வந்தாள், ஒரு வாரம் இருந்தாள், சிரித்துப் பேசினாள். நான் சமைத்ததை நன்றாக இருக்கிறது என்று சாப்பிட்டாள். புது அறையை எடுத்துவிட்டாளாம், வேலையையும் ஜூன் வரை நீட்டித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டாளாம். திரும்பிப் போகும் ரயில் சீட்டையும் அவளே வாங்கி வைத்திருந்தாள். எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் என்னிடம் சொன்னாள்.